மின்சார டெலிவரி வேனுக்கு வீல் பேலன்சிங்: கழற்றுவது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

டீசல் வேனில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் இலேசாக நடுங்கினால், ஓட்டுநர் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எஞ்சினின் அதிர்வும் இரைச்சலும் அந்த நடுக்கத்தைத் தமக்குள் மறைத்துக்கொள்கின்றன. மின்சார வேனில் அந்தத் திரை கிடையாது. டாடா ஏஸ் ஈவி போன்ற சிறு சரக்கு வண்டிகள் 2022-க்குப் பிறகு நம் ஊர்களில் பொட்டலங்களைச் சுமந்து ஓடத் தொடங்கியபின், டயர்க் கடைகளுக்கு வரும் குறைகளில் 'முன்பக்கம் ஆடுகிறது', 'சீட்டுக்கு அடியில் அதிர்கிறது' என்பவை கூடுதலாகக் காதில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டம் புதிதாக வந்ததன்று. அது இப்போதுதான் உணரப்படுகிறது.

சக்கரத்தில் ஓரிடத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 13 அங்குல டிஸ்க்கும் (டயர் மாட்டப்படும் உலோகச் சக்கரம்) ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரும் கொண்ட சக்கரம், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. டிஸ்க்கின் விளிம்பில் இருக்கும் அந்த 30 கிராம், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றே முக்கால் கிலோ எடைக்கு நிகரான விசையோடு ஹப்பை (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியை) வெளிநோக்கி இழுக்கும். வேகம் 80-ஐத் தொட்டால் அதே 30 கிராமின் இழுப்பு மூன்று கிலோவாகிவிடும். விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதே இதற்குக் காரணம். அதனால்தான் நகருக்குள் அமைதியாக ஓடும் வண்டி புறவழிச் சாலையில் ஏறியதும் நடுங்கத் தொடங்குகிறது.

இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான்: சக்கரத்தைச் சுற்றிலும் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங் என்பது வெறும் எடை ஒட்டும் வேலையன்று. துடைப்பதும், பார்ப்பதும், சக்கரத்தைச் சுழற்றிக் குறையை அளக்கும் மெஷினின் நட்டநடுவில் அதை உட்கார வைப்பதுமே அந்த வேலையின் பெரும்பகுதி. அவை சரியாக நடந்துவிட்டால் எடை ஒட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும். நடக்காவிட்டால், எத்தனை எடை ஒட்டினாலும் வண்டி மீண்டும் கடைக்கே வரும்.

குறை எங்கே என்று முதலில் தெளிவது

கடைப் பலகைகளில் அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) பேலன்சிங்கும் எப்போதும் சேர்ந்தே எழுதப்படுவதால், இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அது அலைன்மென்ட் அல்லது காற்றழுத்தம் சார்ந்த குறை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டியபின் சற்றே தணியும் நடுக்கந்தான் பேலன்சிங்கைச் சுட்டுகிறது. நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரங்களையும், இருக்கையிலும் தளத்திலும் தெரிந்தால் பின் சக்கரங்களையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுக்கம் வந்தால் பிரேக் டிஸ்க்கையோ டிரம்மையோ பார்க்க வேண்டும். அங்கே பேலன்சிங் எதையும் தீர்க்காது.

மின்சார வேனுக்கென்றே இன்னொரு சோதனை உண்டு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மோட்டார் சக்கரத்தை இழுக்கிறது. காலை எடுத்தவுடன் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி சக்கரத்தைப் பிடிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, இழுப்பும் பிடிப்பும் இன்றி, பவர் காட்டி சுழியில் (பூஜ்யத்தில்) நிற்கும்படி காலை மிக இலேசாக வைத்து நேர்ச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நடுக்கம் நீடித்தால் குறை சக்கரத்தில் இருக்க வாய்ப்பு மிகுதி. சுழியில் மறைந்து, இழுக்கும்போது மட்டும் திரும்பினால் ஆக்சில், அதன் இணைப்புகள், மோட்டாரைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றின் பக்கம் கவனம் போக வேண்டும்.

காலையில் வண்டியை எடுத்த முதல் சில கிலோமீட்டர்களில் தெரியும் ஆட்டத்தை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. மறுநாள் போக வேண்டிய சரக்கை இரவே ஏற்றி, சார்ஜரில் செருகி, ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நிறுத்தி வைப்பது இந்த வண்டிகளின் வாடிக்கை. தரையில் பட்ட இடம் தட்டையாகிவிட்ட டயர், சூடேறி உருண்டைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் கதவோரத் தகட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்துவிட்டு, பத்து கிலோமீட்டராவது ஓட்டியபின்பே ஆட்டத்தை எடைபோட வேண்டும்.

தூக்குவதற்கு முன்

சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. சாவியை அணைத்து, முகப்பில் 'ரெடி' விளக்கு அணைந்ததா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஒலி இல்லாத வண்டி உயிரோடு இருக்கிறதா என்று காது சொல்லாது, கால் தவறுதலாகப் பட்டாலே அது நகர்ந்துவிடும். பின் சக்கரங்களில் மின்னணு பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியானால், அதற்குரிய பராமரிப்பு நிலை எது என்பதைக் கையேட்டில் பார்த்துச் செயல்பட வேண்டும். சரக்கை இறக்கிவிடுவது நல்லது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள்.

ஜாக்கி வைக்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியின் அடிச்சட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் ஜாக்கி கொடுத்துப் பழகிய கை, மின்சார வேனிலும் அப்படியே போகும். ஆனால் இங்கே தளத்தின் அடியில் பரந்து கிடப்பது பேட்டரிப் பெட்டி. அதன் அடித்தகட்டில் ஜாக்கியின் தலை பட்டு ஏற்படும் சிறு நசுங்கல்கூட உள்ளே இருக்கும் செல்களையோ குளிரூட்டும் பாதையையோ பாதிக்கக்கூடும். சேதம் அன்றைக்கே தெரியாமல் பல மாதங்கள் கழித்துத் தெரியவும் கூடும். கையேடு காட்டும் இடங்களில் மட்டுமே ஜாக்கியோ லிப்ட்டின் கரமோ பட வேண்டும். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. லிப்ட்டின் கரம் அவற்றை நசுக்காமல் வருகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே தூக்க வேண்டும். தூக்கியபின் தாங்கும் ஸ்டாண்டு வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யக்கூடாது என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான விதி, ஆனால் பேட்டரியோடு கனக்கும் வண்டிக்கு அது இன்னும் கண்டிப்பான விதி.

சக்கரத்தைக் கழற்றாமல், வண்டியிலேயே சுழலவிட்டு பேலன்ஸ் செய்யும் பழைய முறை ஒன்று உண்டு. மின்சார வேனின் இயங்கு சக்கரங்களுக்கு அது ஆகாது. வெளியிலிருந்து ஒரு மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்றினால், வண்டியின் மோட்டார் காந்தம் பொருத்தியதாக இருந்தால் தானும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். வண்டியின் மோட்டாராலேயே சுழற்றலாம் என்றால், ஒரு சக்கரம் தரையில் நிற்கும் நிலையில் இரு சக்கரங்களுக்கும் இழுப்பைப் பகிரும் டிபரென்ஷியல் மற்றதை இரு மடங்கு வேகத்தில் சுழற்றும். மீட்டர் 60 காட்டும்போது அந்தச் சக்கரம் 120 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கழற்றியதும் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு சக்கரமும் எந்த மூலையிலிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதிக்கொள்ளுங்கள். ஹப்பில் நட்டு மாட்டும் திருகுகம்பியான ஸ்டட் ஒன்றுக்கும் அதன் எதிரே இருந்த துளைக்கும் ஒரே அடையாளமிட்டால், திரும்பப் பூட்டும்போது சக்கரம் பழைய நிலையிலேயே உட்காரும். பேலன்ஸ் செய்த பிறகும் ஆட்டம் இருந்தால், ஹப்பை ஆராய இந்த அடையாளம் உதவும். இதோடு இன்னொரு அடையாளமும் பயன் தரும்: டயரிலும் டிஸ்க்கிலும் ஒரே நேர்க்கோட்டில் பெயின்ட்டால் ஒரு கோடு. மோட்டாரின் திருகுவிசை நின்ற நிலையிலேயே முழுதாகக் கிடைப்பதால், பீடு, அதாவது டிஸ்க்கில் பதியும் உள்விளிம்பு, சரியாக உட்காராத டயர் டிஸ்க்கின்மேல் சிறிது சிறிதாக வழுக்கி நகரலாம். நகர்ந்தால் போன மாதம் செய்த பேலன்சிங் இன்று செல்லாது. அடுத்த முறை அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிடும். டயர் ஏற்றும்போது சோப்புத் தண்ணீரைத் தாராளமாகப் பூசிவிட்டு, அது காய்வதற்குள் வண்டியை விரட்டுவது இந்த வழுக்கலை வரவழைக்கும் பழக்கம்.

அடுத்தது துடைப்பது. இதை யாரும் வேலையாகவே மதிப்பதில்லை. மழைக்காலத்தில் சேற்றுத் தெருக்களில் நுழைந்து திரும்பும் வேனின் டிஸ்க்குக்கு உட்புறம் ஒரு பக்கமாக மண் அப்பிக் காய்ந்திருக்கும். அந்த ஒரு கைப்பிடி மண், கடைக்காரர் ஒட்டப்போகும் எடைகளைவிடப் பல மடங்கு கனம். அதன்மேலேயே பேலன்ஸ் செய்து அனுப்பினால், அடுத்த பள்ளத்தில் மண் உதிர்ந்து வண்டி முன்னைவிட மோசமாக ஆடும். உட்புறத்தையும் கழுவி, உலர்த்தி, டயரின் பட்டை இடுக்குகளில் சிக்கிய கற்களைத் திருப்புளியால் எடுத்து, பழைய எடைகள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். பழைய எடைகளை விட்டுவிட்டு அவற்றின்மேல் புது எடை சேர்ப்பது, பொய்க் கணக்கின்மேல் கணக்கு எழுதுவதாகும்.

பிறகு டயரைக் கையால் தடவிப் பாருங்கள். பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால் அந்த டயருக்கு பேலன்சிங் தேவையில்லை, மாற்றுவதே தேவை. பட்டைகளுக்கு இடையே உள்ள தேய்மானக் குறி மட்டத்தைத் தொட்டுவிட்டாலும் அப்படியே. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சரக்கு வேனுக்குரிய சுமைத் தரம் உள்ள டயர்தானா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம், ஏனெனில் விலை குறைவென்று கார் டயரை மாட்டிய வண்டிகள் அரிதல்ல. பீடுக்குச் சற்று மேலே பக்கச்சுவரைச் சுற்றி ஓடும் மெல்லிய வார்ப்புக் கோடு, டிஸ்க் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அது உள்வாங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். காற்றை இறக்கி, பீடை மீண்டும் உட்கார வைத்த பிறகே மெஷினுக்குப் போக வேண்டும்.

மெஷினில் நடுவில் உட்கார வைத்தல்

டயரும் டிஸ்க்கும் சேர்ந்து 14 கிலோ எடையுள்ள சக்கரம், மெஷினின் தண்டில் உண்மையான நடுவிலிருந்து 0.2 மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 13 அங்குல டிஸ்க்கின் விளிம்பில் அது 17 கிராம் குறையாகத் தோன்றும். இரண்டு தாள்களின் தடிமன்தான் 0.2 மில்லிமீட்டர்! டிஸ்க்கின் நடுத்துளையில் ஒட்டிய துரு, சக்கரத்தைத் தண்டில் நடுப்படுத்தும் கூம்பான கோனில் படிந்த மண், தளர்ந்த நட்டு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே அந்த அளவு விலகலுக்குப் போதும். மெஷின் அந்த விலகலையும் சக்கரத்தின் குறையென்றே எண்ணி எடை கேட்கும், நாமும் கொடுப்போம், வண்டியில் பூட்டியதும் இல்லாத குறைக்கு ஒட்டிய எடையே புதுக் குறையாகிவிடும்.

எனவே நடுத்துளையையும், டிஸ்க் ஹப்பில் அமரும் தட்டைப் பரப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். துளைக்குப் பொருந்தும் கோனைத் தேர்ந்து, பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உட்புறத்திலிருந்து கோனைக் கொடுத்து, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். தொங்கவிட்டபடி ஒரேயடியாக இறுக்கினால் சக்கரம் தன் எடையால் கீழே சாய்ந்தே இறுகும். வண்டியில் சக்கரத்தை நடுநிலைப்படுத்துவது நடுத்துளையா, நட்டுகளின் கூம்பு முனைகளா என்று பார்ப்பதும் முக்கியம். சில சரக்கு வண்டி டிஸ்க்குகளில் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடையே தாராள இடைவெளி இருக்கும்; சக்கரத்தை நடுவில் நிறுத்துவது நட்டுகள்தான். அத்தகைய டிஸ்க்கை வெறும் கோனில் ஏற்றுவது சரியாகாது. ஸ்டட் துளைகளில் பொருந்தும் விரல்கள் கொண்ட தட்டு தேவை. அந்தத் தட்டு தம்மிடம் உண்டா என்று கேட்டுவிட்டு வண்டியை ஒப்படைப்பது உரிமையாளருக்கு நல்லது.

எடை கேட்கும் முன், சக்கரத்தைக் கையால் சுழற்றி ஒரு நிலையான முனைக்கு எதிரே பாருங்கள். டயரின் உச்சி ஏறி இறங்குவதோ, டிஸ்க்கின் விளிம்பு பக்கவாட்டில் அசைவதோ ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் அது எடையால் தீராத கோணல். பள்ளத்தில் விழுந்து நெளிந்த இரும்பு டிஸ்க்கும் மெஷினில் சுழி காட்டும்; சாலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை துள்ளும்.

சுழற்றுவதும் எடை வைப்பதும்

மெஷினுக்கு மூன்று அளவுகள் தேவை: மெஷினிலிருந்து டிஸ்க் விளிம்புக்கு உள்ள தொலைவு, டிஸ்க்கின் அகலம், அதன் விட்டம். அகலத்தை காலிப்பரால் அளக்க வேண்டும், டயரில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. உள் விளிம்பு, வெளி விளிம்பு இரண்டிலும் எடை வைக்கும் முறையையே தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே தளத்தில் மட்டும் எடை வைத்தால் மேலும் கீழும் துள்ளுவது நிற்கும். உள்பக்கக் கனமும் வெளிப்பக்கக் கனமும் எதிரெதிராக நின்று சக்கரத்தைப் பக்கவாட்டில் உலுக்குவது நிற்காது. ஸ்டியரிங்கை ஆட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே.

மூடியை இறக்கிச் சுழலவிட்டு நின்றதும், உள்ளுக்கும் வெளிக்கும் தனித்தனியே கிராம் காட்டும். சிறு வேன் சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு 60 கிராமுக்கு மேல் கேட்டால் நான் எடையை எடுக்க மாட்டேன். முதலில் நடுவில் உட்கார்ந்ததா என்று மீண்டும் பார்ப்பேன்; அது சரியாக இருந்தால் காற்றை இறக்கி, டயரை டிஸ்க்கின்மேல் பாதிச் சுற்று திருப்பி உட்கார வைப்பேன். டயரின் கனமான இடமும் டிஸ்க்கின் கனமான இடமும் ஒரே பக்கம் விழுந்திருந்தால், இந்த ஒரு செயலிலேயே தேவையான எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது பொதுவாக இலேசான இடத்தைக் குறிக்கும். அதை வால்வுக்கு நேரே வைப்பது வழக்கம்.

இரும்பு டிஸ்க்குக்கு விளிம்பில் மாட்டும் கிளிப் எடை பொருந்தும். அலாய்க்கு உட்புறம் ஒட்டும் எடை. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல் ஒட்டினால் முதல் மழையிலேயே விழும். பழைய கிளிப்பைத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் மாட்டுவதும் அதே கதைதான். ஈயத்தால் ஆன எடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தடை விதித்துவிட்டது. துத்தநாகமும் இரும்பும் அதே வேலையைச் செய்கின்றன, கிடைத்தால் அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

எடை வைத்தபின் மறுபடி சுழற்றும்போது சுழி வராவிட்டால், மேலும் ஒரு எடையை ஒட்டிச் சரிக்கட்டும் ஆசை வரும். அதற்கு முன் மெஷின் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். முன்பு வைத்த எடையின் இடத்தையே மீண்டும் காட்டினால் எடை போதவில்லை. நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினால் எடை மிகுதி. கால் சுற்றுத் தள்ளிக் காட்டினால் எடை சரி, இடம் தவறு. வைத்த எடையை அந்தத் திசையில் சற்றே நகர்த்தினால் போதும். ஒரே விளிம்பில் மூன்று நான்கு எடைகள் சிதறிக் கிடக்கும் சக்கரம், இந்த வித்தியாசம் தெரியாத கையின் வேலை.

இரண்டு பக்கமும் சுழி வந்ததும் பலர் சக்கரத்தை இறக்கிவிடுவார்கள். அங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மெஷின்கள் வழக்கமாகச் சிறு மிச்சத்தைச் சுழியாக்கிக் காட்டும். நுண்ணளவுப் பொத்தானை அழுத்தினால் உண்மை மிச்சம் தெரியும். அதைப் பார்த்தபின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் தண்டின்மேல் பாதிச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றுங்கள். 5 கிராமுக்குள் நின்றால் வேலை உண்மையானது. 30 கிராம் காட்டினால், அதில் பாதியான 15 கிராம், நடுவில் உட்காராததால் வந்த பிழை. கோனிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் இந்தத் திருப்பிப் பார்க்கும் சோதனை பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது. மெஷின்மேலேயே சந்தேகம் வந்தால், சுழி காட்டும் சக்கரத்தின் வெளி விளிம்பில் 100 கிராம் எடையை மாட்டிச் சுழற்றலாம்: வெளிப்பக்கம், நேர் எதிரே 100 கிராமும், உள்பக்கம் ஏறத்தாழ சுழியும் காட்டாத மெஷினுக்கு அளவுத்திருத்தம் தேவை.

முன் சக்கரங்களுக்கு மட்டும் செய்து காசை மிச்சப்படுத்துவது நம்மிடையே உள்ள வழக்கம். பின் சக்கரங்களை மோட்டார் இயக்கும் வேனில் அது தவறான சிக்கனம். இழுப்பும் பிடிப்பும் சுமையும் ஒருங்கே விழுவதால் பின் டயர்களே விரைந்து தேய்கின்றன. ஸ்டெப்னியையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். ஆனால் பேலன்சிங் செய்தால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதைக் கவனிக்கத்தக்க அளவில் மாற்றுவது காற்றழுத்தம். பேலன்சிங் காப்பது டயரின் தேய்மானத்தையும், பேரிங்கையும், ஸ்டியரிங் இணைப்புகளையும், ஓட்டுநரின் தோளையும்.

திரும்பப் பூட்டுதல்

மெஷினில் பிடித்த நடுவை வண்டியிலும் பிடிக்க வேண்டும். ஹப்பின் முகத்தில் உள்ள துருவைத் தேய்த்தெடுத்து, சாக்பீஸ் அடையாளத்துக்கு நேரே சக்கரத்தை வைத்து, எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகி, கூம்பு முனைகள் துளைகளில் அமர்ந்தனவா என்று பாருங்கள். பிறகு எதிரெதிராகக் குறுக்குவாட்டில் பாதி இறுக்கம், சக்கரம் தரையைத் தொட்டபின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள முழு இறுக்கம். காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிஸ்க் சாய்ந்தே உட்காரும். சில வேளைகளில் பிரேக் டிஸ்க்கும் நெளியும். கையேடு சொன்னாலொழிய ஸ்டட்டுகளில் கிரீஸ் பூச வேண்டாம். அதே டார்க் அளவில் நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது முன்பு ஆட்டம் தெரிந்த அதே சாலையில், அதே வேகத்தில், முதலில் காலியாகவும் பிறகு சரக்கோடும் ஓட்டுங்கள். காலியாக இருக்கும்போது மட்டும் மிச்சமிருக்கும் மெல்லிய அதிர்வு, சுமைக்கென்று கடினமாக அமைத்த பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளிலிருந்தும் வரலாம். ஆட்டம் குறையாமல் அப்படியே இருந்தால், சக்கரத்தை ஹப்பில் பாதிச் சுற்று திருப்பிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் மாறினால் ஹப்பின் முகமோ நட்டுகளின் இருக்கையோ சரியில்லை, மாறாவிட்டால் பேரிங், ஆக்சில் பக்கம் தேடல் தொடர வேண்டும்.

ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடும் டெலிவரி வேன் நான்கே மாதங்களில் 10,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். பேலன்சிங்குக்கு அந்த இடைவெளி பொருத்தமானது. பஞ்சருக்காக டயரைக் கழற்றிப் போட்டாலும், பெரும் பள்ளத்தில் அடி விழுந்தாலும் அதற்கு முன்பே செய்ய வேண்டும். வண்டியின் பதிவேட்டில் தேதி, கிலோமீட்டர், ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளும் வெளியும் வைத்த கிராம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் இன்னொரு முறை சரிபாருங்கள்.